மூடி மேல் குத்திய எண்

ஆடித் தள்ளுபடி மாதத்தில் உஸ்மான் சாலையை ஒட்டிய அந்தச் சந்தில் தரை கண்ணுக்குத் தெரியாது. கரும்புச் சக்கை, கிழிந்த பிளாஸ்டிக் பை, முந்தின நாள் மழை விட்டுப்போன கறுப்புத் தண்ணீர், அதன் மேல் மிதித்துக்கொண்டு ஜனம். வெள்ளைத்துரை பாத்திர மாளிகையின் வாசலில் ஒலிபெருக்கி தொண்டை கட்டிப்போய்க் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே மின்விசிறிகள் சூட்டைக் கலக்கிவிட்டனவே தவிரக் காற்று எதையும் தரவில்லை. கல்லாவில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இடம் அந்த நாற்காலிதான். பண்டிகைக் காலத்தில் கல்லாவை வேறு யாரிடமும் விட வெள்ளைத்துரைக்கு மனம் வராது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். அறுபதுக்குப் பக்கம் இருக்கும். இடுப்பில் மீன் கூடை, கூடைக்குள் துணி மூடிய எதுவோ. வாடை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. எவர்சில்வர் தட்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் ஒதுங்கிப் போயிற்று. தங்கபுஷ்பத்தின் கை தானாகச் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்தது.

"இன்னாமா, கல்லாவுல குந்திக்கினு கீறியே, நீதான் ஓனரா?"

"ஓனர் வீட்டம்மா. என்ன வேணும், சொல்லுங்க."

"வாங்க வர்ல. இத்த பாரு."

துணியை விலக்கி, கூடையிலிருந்ததை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். கடையின் சொந்தத் தயாரிப்பான இட்லிப் பானை அது. பூட்டு மூடி போட்டது; இரண்டு பக்கமும் கிளிப் மாட்டி இறுக்கினால் ஆவி வெளியே போகாமல் சீக்கிரம் வெந்துவிடும் என்று வாசல் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்ததே, அதே பானை. ஒரு கிளிப் முறிந்து தொங்கியது. மூடி ஒரு பக்கம் மடங்கியிருந்தது. விளிம்பெல்லாம் மாவு வழிந்து காய்ந்து, மஞ்சளாகிப் புளித்து நாறியது. அந்த மாவில் இரண்டு மூன்று நீள மயிர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தங்கபுஷ்பம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"என் பேரு தேசம்மா. பட்டினப்பாக்கம். இது எம் மருமவ ரத்னா உங்காண்ட வாங்கியாந்தது. காலைல ஊட்டு வாசல்ல இட்லி போட்டு விக்கிறா. துணி கட்டி அவிக்கிற பானை ஒண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. உங்க ஆளுதான் இத்த எடுத்துக் காட்டிக்கீறான். அவ கேட்டுக்கீறா, இப்டி பூட்டுதே, வெடிச்சிக்கிச்சினா இன்னா பண்றதுனு. அதுக்கு அவன், 'இந்தாம்மா நம்பரைப் பாரு. கவர்மெண்ட்டு சோதன பண்ணி குத்துன நம்பரு. வெடிக்கவே வெடிக்காது'னு சொல்லிக்கீறான். அந்த நம்பரைப் பாத்துதான் வாங்கியாந்தா."

"இப்ப என்ன ஆச்சு?"

"கண்ணு தெர்ல உனக்கு? மூடி பிச்சிக்கினு போயி கூரையில அடிச்சிது. ஆவி மொத்தமும் அவ மூஞ்சில, கழுத்துல, நெஞ்சுல. ஒரு கண்ணு மூடிக்கீது. பெரியாஸ்பத்திரில இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லனு சொல்லிட்டாங்க."

விற்பனை மேற்பார்வைக்காரன் முத்துகிருஷ்ணன் ஓடி வந்தான். "அம்மா, கஸ்டமர் நிக்காங்க, கொஞ்சம் ஓரமா வாங்க" என்று கூடையைத் தொடாமல் கையை மட்டும் ஆட்டினான். அதற்குள் மாடியிலிருந்து வெள்ளைத்துரை இறங்கி வந்துவிட்டார். நெற்றியில் சந்தனம், வெள்ளை வேட்டி, முகமெல்லாம் சிரிப்பு. வியாபாரத்தில் தகராறு வரும்போது அவருக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமாகும். மூடியைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல் நகத்தால் ஆவித் துவாரத்தைச் சுரண்டினார்.

"பாருங்கம்மா, ஓட்டைல மாவு அடைச்சிருக்கு. நல்லா கழுவி வைக்கணும்னு அட்டைப் பெட்டியில போட்டிருக்கே. சரி, போவட்டும், நம்ம கஸ்டமர். முத்துகிருஷ்ணா, அம்மாவுக்குப் புதுசு ஒண்ணு எடுத்துக் குடு. கூட ஒரு டிபன் டப்பாவும் வை."

தேசம்மா அவரையே பார்த்தாள். "அதே பானையவா?"

"புதுசும்மா. ஃப்ரீ."

"எனுக்குப் பானை வாணாம் நைனா. இந்த நம்பர் இன்னானு சொல்லு. சோதன பண்ணவன் யாரு, எந்த ஆபீஸ்ல குந்திக்கினு கீறான்? அத்த சொல்லு போதும். நான் அவனாண்ட போயி கேட்டுக்கறேன்."

மூடியின் நடுவில், கைப்பிடிக்குக் கீழே, 'பேட்டன்ட் நம்பர்' என்று இங்கிலீஷில் எழுதி, ஆறு இலக்கம் அழகாகக் குத்தியிருந்தது.

"அது பேட்டன்ட்டும்மா. காப்புரிமை. உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"புரியறா மாதிரி சொல்லு."

வெள்ளைத்துரைக்குப் போன் வந்தது, அல்லது வந்ததாகக் காதில் வைத்துக்கொண்டார். மாடிக்கு ஏறிவிட்டார். தேசம்மா தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுமா. நீயும் பொம்பள."

"எனக்குத் தெரியாதே."

"உங்கடையில குத்துன நம்பரு உனுக்கே தெர்ல." அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "பானை இங்கயே கெடக்கட்டும். கேட்டு வையி, நான் திரும்ப வரேன்."

மத்தியானம் வீட்டிலிருந்து கூட்டாஞ்சோறு வந்தது. தங்கபுஷ்பத்துக்குப் பிடித்த சாப்பாடு. மூடியைத் திறந்ததும் முருங்கைக்கீரை வாசம் வந்தது. அதற்கடியில் புளித்த மாவு நாற்றமும் வந்தது. பானை மேசைக்கடியில் கிடந்தது. ஒரு வாய் எடுத்தாள். அந்த மயிர் நினைவுக்கு வந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, பானையைப் பழைய பேப்பரில் சுற்றி ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினாள்.

சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போகாமல் அபிராமபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் மகள் ஷண்முகப்ரியா ஆழ்வார்பேட்டையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். காப்புரிமைக்கு எழுதிப் போடுவதுதான் அங்கே வேலை என்று எப்போதோ கல்யாண வீட்டில் சொன்னது தங்கபுஷ்பத்துக்கு ஞாபகம் இருந்தது. ப்ரியா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அத்தை பையிலிருந்து எடுத்து வைத்த சாமானைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு சொல்லு தாயி. சோதிச்சுப் பாத்துக் குடுக்க நம்பரா இது?"

"இல்ல அத்தை. நிறைய பேர் அப்படித்தான் நினைச்சுக்கறாங்க. ஒருத்தர் புதுசா ஒரு பொருளை யோசிச்சுக் கண்டுபிடிக்கிறார்னு வைங்க. இவரைக் கேக்காம வேற யாரும் இதைச் செய்யக் கூடாது, விக்கக் கூடாதுன்னு கவர்மென்ட் அவருக்கு ஒரு உரிமை குடுக்கும். இருபது வருஷம் வரைக்கும். அந்த உரிமையோட நம்பர்தான் இது. இதுக்கு முன்னாடி இதே மாதிரி யாராவது செஞ்சிருக்காங்களான்னுதான் அந்த ஆபீஸ்ல பாப்பாங்க. அடுப்புல வச்சு வெடிக்குதா இல்லையான்னு பாக்க மாட்டாங்க."

"அப்ப பத்திரமான சாமானுக்கு?"

"அது வேற முத்திரை, வேற ஆபீஸ்."

"பின்ன இதை எதுக்குச் சாமான்ல குத்துதாங்க?"

"மத்த கம்பெனிக்காரங்களுக்கு எச்சரிக்கை, காப்பி அடிக்காதேன்னு. வாங்கறவங்களுக்காகப் போடறதே இல்ல அது. ஆனா ஒண்ணு அத்தை, இந்த நம்பரை வச்சு யாரு வேணா உள்ள போய்ப் பாக்கலாம். யாரு கண்டுபிடிச்சா, எப்படி வேலை செய்யும், படம் எல்லாம் இருக்கும். ஃபீஸ் கட்டி உயிரோட வச்சிருக்காங்களா, கட்டாம விட்டுட்டாங்களான்னுகூடத் தெரியும். இருங்க, மாமாவோடதைப் பாக்கலாம்."

கம்ப்யூட்டரை மடியில் வைத்து எண்ணைத் தட்டினாள். மறுபடியும் மூடியைப் பார்த்து, ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லித் தட்டினாள். நெற்றி சுருங்கியது. பிறகு சட்டென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன பிள்ள?"

"அத்தை, இது... கக்கூஸ் கழுவற பிரஷ்."

"என்னது?"

"பிரஷ்ஷை நிறுத்தி வைக்கற கிண்ணம், அதுல தண்ணி வடியறதுக்கு ஒரு ஏற்பாடு. அதுக்கு யாரோ வாங்கின நம்பர் இது. மாமா பேரே இதுல இல்ல. அவங்களும் ஃபீஸ் கட்டாம விட்டு வருஷக்கணக்கு ஆகுது."

திரையில் படம் இருந்தது. கறுப்புக் கோட்டில் நீளக் கைப்பிடி, அடியில் குஞ்சம், கிண்ணம். தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள். இட்லி வேகிற பாத்திரம். ஊரெல்லாம் வாங்கிப்போய், குளித்து விளக்கேற்றிவிட்டு அடுப்பில் ஏற்றுகிற பாத்திரம்.

"இப்படிப் பொய்யா போடறது சட்டப்படி குத்தம் அத்தை. அபராதம் உண்டு" என்றாள் ப்ரியா. "ஆனா அடிபட்டவங்களுக்கு அதால ஒண்ணும் இல்ல. அவங்க போலீஸ்லயும் நுகர்வோர் கோர்ட்லயும் போடணும். பானையைப் பத்திரமா வைங்க."

அன்று இரவு தங்கபுஷ்பம் வீட்டில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காலையில் துணி கட்டி இட்லி அவித்து எடுத்து, தேங்காய்ச் சட்னி அரைத்து, மேசையில் வைத்தாள். வெள்ளைத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மகன் அஸ்வின் ஒரு கையில் போனோடு மறு கையால் பிய்த்துத் தின்றான். கடையின் ஆன்லைன் வியாபாரம் முழுக்க அவன் பொறுப்பு.

"அந்த மூடியில இருக்க நம்பர் எங்க உள்ளது?" என்று கேட்டாள்.

வெள்ளைத்துரை இட்லியைச் சட்னியில் தோய்த்தார். "எந்த நம்பரு?"

"கக்கூஸ் பிரஷ் நம்பரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் சிரித்தார், தோள் குலுங்கச் சிரித்தார்.

"யாருட்டி சொன்னா, உன் அண்ணன் மவளா? படிச்ச பிள்ளல்லா, கண்டுபிடிச்சிட்டா. அது ஒண்ணுமில்ல. அச்சு வெட்டுதவன் போனப் போட்டு, 'அண்ணாச்சி, பேட்டன்ட்டுன்னு எழுத்து வெட்டியாச்சு, கீழ என்ன நம்பரு போட?'ன்னு கேட்டான். நான் அப்ப உள்ள உக்காந்திருக்கேன். எதுத்தாப்ல அந்தப் பிரஷ் நிக்கி. அது அடியில ஒரு நம்பரு இருந்திச்சி. குனிஞ்சி பாத்துச் சொல்லிட்டேன். வாயில வந்த நம்பரைச் சொன்னா அது பொய்யாயிரும்லா. இது நெசமாவே உள்ள நம்பரு."

அஸ்வினும் சிரித்தான். போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதப் பாத்துல்ல அந்தப் பிள்ள வாங்கியிருக்கா. ஒரு கண்ணு போயிரும்போல இருக்கு."

"ஏட்டி, நீயே யோசிச்சுப் பாரு. பேட்டன்ட்டுன்னா பத்திரம்னு அர்த்தம் இல்லைன்னு உன் மருமவளே சொல்லியிருப்பா. சொன்னாளா இல்லியா? நெச நம்பரு போட்டிருந்தாலும் வெடிக்கது வெடிக்கத்தான் செய்யும். அப்ப நான் பொய் நம்பரு போட்டதுல யாருக்கு என்ன நட்டம்?"

இன்னொரு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டார். உதட்டோரத்தில் சட்னி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் தங்கபுஷ்பத்துக்கு வேறொன்று உறைத்தது.

"பானை போட்டு இத்தன மாசமாச்சு. ஊருக்கெல்லாம் விக்கோம். சொந்தக்காரங்க வீட்டுக் கலியாணத்துக்கெல்லாம் குடுத்தாச்சு. நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் ஒண்ணு கொண்டு வரல?"

வெள்ளைத்துரையின் கை வாய்க்குப் போகிற வழியில் ஒரு கணம் நின்றது. "நமக்குத் துணி இட்லிதான் ருசி."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"என்னத்தத் தெரிஞ்சிருக்கு? ரப்பர் கொஞ்சம் மட்டம், அவ்வளவுதான். ஆயிரத்துல ஒண்ணு அப்படி ஆவும்."

"அம்மா, விடுங்க" என்றான் அஸ்வின். "நான் பாத்துக்கறேன். பெருங்குடி குடோன்ல இருக்கற மூடி எல்லாத்தையும் அரைச்சு நம்பரை எடுக்கச் சொல்லியாச்சு. கடையில இருக்கறதும் இன்னைக்குப் போயிடும். அப்புறம் யாரு வந்து என்ன கேக்க முடியும்?"

"கிளிப்பு? ரப்பர்?"

"அதுக்கென்ன? அதை மாத்தணும்னா மொத்த அச்சையும் மாத்தணும். நீங்க அந்த மீன்காரம்மாகிட்ட எதுவும் பேசாதீங்க. வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணிடுவாங்க."

சின்னப் பிள்ளையாக இருந்தபோது கட்டெறும்பை மிதித்துவிட்டதற்காக அழுதவன். தங்கபுஷ்பம் தொட்டிப் பக்கம் போய்க் குனிந்தாள். வெறும் வயிற்றிலிருந்து மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வெள்ளைத்துரை, "சூடு உடம்பு, மோர் குடி" என்றார்.

அன்று கடைக்குப் போகாமல் அவள் பட்டினப்பாக்கம் போனாள். ஆட்டோக்காரர் குடியிருப்பு வாசலில் இறக்கிவிட்டார். ஈரக் காற்று, கடல் பக்கமிருந்து வலையும் கருவாடும் கலந்த வாடை, மழைத் தண்ணீரோடு சாக்கடை மேலேறிப் படிக்கட்டு வரை நின்றது. செங்கல் மேல் கால் வைத்துப் போனாள். யாரைக் கேட்டாலும் தேசம்மா வீட்டைக் காட்டினார்கள். "இட்லிக்காரி மூஞ்சி வெந்துச்சே, அந்த வூடா?" என்றார்கள்.

ரத்னா ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு கண்ணில் கட்டு. கழுத்திலிருந்து நெஞ்சு வரை வெள்ளை மருந்து. அதனடியில் தோல் சுருண்டு, சதை ஈரமாகச் சிவந்திருந்தது. ஈ உட்காராமல் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள். அட்டையில் பானையின் படம் இருந்தது, அதன் பெட்டிதான். வாசலில் இட்லி அடுப்பு அணைந்து கிடந்தது.

தங்கபுஷ்பம் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். எண் என்றால் என்ன என்று ப்ரியா சொன்னதையும், அந்த எண் யாருடையது என்பதையும், வெள்ளைத்துரை எங்கே உட்கார்ந்துகொண்டு அதை எடுத்தார் என்பதையும் சொன்னாள்.

தேசம்மா வாயைத் திறந்து மூடினாள். "கக்கூஸ்ல குந்திக்கினா?"

"ஆமா."

"கக்கூஸ் பிரஷ்ஷு நம்பரா?"

"ஆமா."

தேசம்மா எழுந்து போய் வாசலில் காறித் துப்பினாள். திரும்பி வந்து, தங்கபுஷ்பத்தின் முகத்துக்கு நேரே நின்றாள். "உன் ஊட்டுக்காரன் தின்ற சோத்துல அந்தப் பிரஷ்ஷ வுட்டு ஆட்டணும். சொல்லிட்டேன். கோவம் வந்தா வரட்டும்."

கோபம் வரவில்லை. ரத்னாதான் மெதுவாகப் பேசினாள். உதடு வெந்திருந்ததால் சொல் குழறியது.

"மூடி ஒரு மாதிரி டிக் டிக்குனு அடிச்சிதுக்கா. எப்பவும் நான் அடுப்ப அணைச்சிட்டு எட்ட நின்னுக்குவேன், எங்கம்மா அப்டித்தான் சொல்லிக் குடுத்துக்கீது. அன்னிக்கி இன்னானு கிட்டப் போயி குனிஞ்சி பாத்தேன். நம்பர் கீது, ஒண்ணும் ஆவாதுனு. அந்த நம்பரு இல்லாங்காட்டி நான் குனிஞ்சிருக்க மாட்டேன்."

யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டவரின் உதட்டோரச் சட்னிதான் தங்கபுஷ்பத்தின் கண்முன் வந்தது. கொஞ்ச நேரம் ரத்னாவின் கையிலிருந்து அட்டையை வாங்கி அவள் விசிறினாள்.

"நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் குடுங்க. நானும் வாரேன். வீட்டுல நடந்தத நான் சொல்லுதேன்."

"உன் புருசனுக்கு எதிரா?" என்றாள் தேசம்மா.

"மகனுக்கும்தான். உடைஞ்ச பானை எங்கிட்ட இருக்கு. கொண்டு வாரேன்."

தேசம்மா நம்பவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. "நாளிக்கு மத்தியானம் பனகல் பார்க்காண்ட நிக்கறேன். நீ வர்லனாலும் நான் போவேன்."

வீட்டுக்குத் திரும்பினால் உடைந்த பானை இருந்த துணிப்பை இல்லை. கட்டில் அடியில், பரண் மேல், எங்கேயும் இல்லை. அஸ்வினுக்குப் போன் போட்டாள். "ஸ்க்ராப்ல போட்டுட்டேம்மா. நாறிச்சு" என்றான், சாதாரணமாக. அவள் போனை வைத்துவிட்டு, குளியலறைக்குப் போய்ப் பிரஷ்ஷைக் கிண்ணத்தோடு எடுத்துக் குப்பையில் போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். போதாமல் மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் கடையில் பூட்டு மூடிப் பானைகள் புதிதாக அடுக்கியிருந்தன. அரைத்த இடம் நடு மூடியில் பளபளவென்று மின்னியது. அதற்கு மேல் 'புது மாடல்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். கிளிப்பும் ரப்பரும் பழையவையே. தங்கபுஷ்பம் வந்ததும் அடுக்கு முழுவதும் தேடினாள். எண்ணுள்ள ஒன்றுகூட அகப்படவில்லை. முத்துகிருஷ்ணனைக் கேட்டாள். "எல்லாம் போயாச்சு அக்கா" என்று தலையைச் சொறிந்தான். கல்லாவில் போய் உட்கார்ந்தாள். வெறுங்கையோடு போவதுதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கறுப்புப் புர்க்கா போட்ட ஓர் அம்மாள், பக்கத்தில் கல்யாண வயதில் மகளோடு, ஒரு பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாபா, இதுல நம்பர் காணமே? என் தங்கச்சி ஹமீதுன்னிசா இங்கதான் வாங்கினா, அதுல நம்பர் இருந்திச்சே. இது டூப்ளிகேட்டா?"

"இல்லம்மா, புது மாடல்."

"வேணாம். நம்பர் போட்டது இருந்தா குடு. பொண்ணுக்குச் சீர் குடுக்கறது. நல்லதா இருக்கணும்ல."

முத்துகிருஷ்ணன் அக்கம்பக்கம் பார்த்தான். எண் இல்லாத பானையை ஒதுக்கிவிட்டு எண் போட்டதைக் கேட்டவர்களில் அன்றைக்கு இவள் மூன்றாவது ஆள். மேசைக்கடியில் குனிந்து, சாக்குக்குள்ளிருந்து ஒரு பானையை எடுத்து, மூடியைத் துணியால் துடைத்தான். "இந்தாங்க, ஒரிஜினல். கடைசிப் பீஸ். உங்களுக்காகத்தான்."

அந்த அம்மாள் விரலால் ஆறு இலக்கத்தையும் தடவிப் பார்த்து, மகளிடம் காட்டித் தலையாட்டினாள். முகத்தில் நிம்மதி.

பானை பில் போடக் கல்லாவுக்கு வந்தது. தங்கபுஷ்பம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது விக்கதுக்கில்லம்மா."

"ஏன்?"

"வெடிக்கும். இதே பானை வெடிச்சு ஒரு பிள்ளைக்குக் கண்ணு போச்சு. இந்த நம்பரு சோதிச்ச நம்பரு இல்ல. கக்கூஸ் பிரஷ்ல இருந்து பாத்து எழுதுனது. உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லுங்க, அடுப்புல வைக்க வேண்டாம்னு."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. பில் போட நின்றிருந்த வரிசை அப்படியே திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருத்தி கையிலிருந்த பானையைத் தரையிலேயே வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்தாள். மாடிப்படியில் வெள்ளைத்துரை வேட்டி தடுக்க இறங்கி வந்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, கண்ணில் இல்லை.

"ஏட்டி, உடம்புக்கு முடியலன்னா வீட்டுக்குப் போ. பானையை வச்சிட்டுப் போ."

"கொண்டுதான் போறேன்."

"புஷ்பம். உம் மவன் ஜெயிலுக்குப் போவணுமா?"

தங்கபுஷ்பம் கல்லாச் சாவியை மேசைமேல் வைத்தாள். பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அவர் கை நீட்டினார். அத்தனை வாடிக்கையாளர் முன்னால் பிடுங்க முடியவில்லை.

வெளியே மழை பிடித்திருந்தது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. குடைக்கம்பிகள் முகத்தில் உரச, கறுப்புத் தண்ணீர் கால் விரல்களுக்குள் ஏற, பனகல் பார்க் பக்கம் நடந்தாள். மூடியில் மழை சொட்டிக்கொண்டு வந்தது. பூக்கடை ஓரத்தில் ஒதுங்கி நின்ற ஒருத்தி அவள் கையைப் பார்த்து, "பானை நல்லா இருக்கே, எங்கக்கா வாங்குனீங்க?" என்றாள். தி.நகரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி.

"வெள்ளைத்துரை பாத்திர மாளிகை. என் வீட்டுக்காரர் கடைதான். வாங்காதீங்க."

அவள் விழித்தாள். தங்கபுஷ்பம் நிற்கவில்லை. பத்தடி தள்ளி வேறொருத்தி கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னாள். பார்க் வாசலில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தேசம்மா நிற்பது தெரிகிற வரை, கேட்டவர்களுக்கெல்லாம் கடையின் பெயரைத் திருத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.